ஆயிரம் ரூபாய் வெர்னியரை நம்பி பேரிங் சீட்டு கடையலாமா? குன்னூர்ப் பட்டறையில் சோதித்துப் பார்த்தது

குன்னூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வேலை பெரும்பாலும் தேயிலை ஃபேக்டரிகளில் இருந்து வரும். இலை வாட்டுகிற டிரஃபின் ஃபேன் ஷாஃப்ட், டிரையர் செயின் ஸ்ப்ராக்கெட், கன்வேயர் ரோலர், இலையை நசுக்கிச் சுருட்டுகிற சி.டி.சி. மெஷினுக்குப் புஷ், இப்படி. இரண்டு ஜாவுக்கு (தாடைக்கு) நடுவில் பொருளைப் பிடித்து அளக்கிற டிஜிட்டல் வெர்னியர் இப்போது 350 ரூபாய்க்கே வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு "அண்ணா, இதை வாங்கலாமா, அளவு சரியா காட்டுமா" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். விலை குறைந்த சாமான் எல்லாம் குப்பை என்று சொல்லிவிடுவதும், எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிடுவதும் சுலபம். இரண்டும் உண்மை இல்லை. மூன்று வருடமாக என் காசில் வாங்கி, உபயோகித்து, சரிபார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நடக்காமல் இருந்திருந்தால் நான் இதையெல்லாம் சோதித்தே இருக்க மாட்டேன். ஒரு ஃபேக்டரியில் இருந்து ஃபேன் ஷாஃப்ட் வந்தது, 6206 பேரிங், அதாவது உள் விட்டம் 30 மில்லிமீட்டர், வெளி விட்டம் 62, அகலம் 16. புது ஷாஃப்ட் கடைந்தேன். அப்போது என்னிடம் இருந்தது 1,150 ரூபாய்க்கு வாங்கிய ஸ்டீல் டிஜிட்டல் வெர்னியர் ஒன்றுதான். கடைசி கட் போட்டவுடனே வைத்துப் பார்த்தேன், 30.01 காட்டியது. அருமையான அளவு, லேசாகத் தட்டி ஏற்றினால் போதும் என்று சந்தோஷமாக எடுத்து வைத்தேன். மறுநாள் பேரிங் போடும்போது தட்டவே வேண்டியிருக்கவில்லை, கையால் அழுத்தியதும் போய் உட்கார்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். சீசன் நேரம், ஃபேக்டரியில் இலை குவிந்து கிடக்கிறது, போன் மேல் போன். ஷாஃப்ட் மேல் டாட் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி மேடு எழுப்பி டைட் பண்ணிக் கொடுத்துவிட்டேன். பலரும் செய்வதுதான், ஆனால் அது நிற்காது. ஒன்பதாவது நாள் பேரிங்கின் உள் ரேஸ், அதாவது உள் வளையம், ஷாஃப்ட்டின் மேலேயே சுற்ற ஆரம்பித்து, சீட்டு (ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம்) நீலம் பாய்ந்து, கழற்றி அளந்தால் 29.6. ஒரு ராத்திரி இலை வாடாமல் கிடந்தது அவர்களுக்கு. வெல்டு ஏற்றித் திரும்பக் கடைந்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. ஆனாலும் அந்த மேனேஜர் பார்த்த பார்வை இன்னும் மனதில் இருக்கிறது.

அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். மரப்பெட்டியில் இருந்த ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவில் செய்த எஃகுக் கட்டைகள்) செட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். 30 மில்லிமீட்டருக்குக் கட்டையைச் சேர்த்து மேஜை மேல் வைத்து, "பத்துத் தடவை அளங்க தம்பி, ஒவ்வொரு தடவையும் எழுதிக்கிட்டே வாங்க" என்றார். அளந்தேன். 29.99, 30.00, 30.02, 30.00, 30.01, திரும்ப 29.99. கட்டை மாறவே இல்லை, நான்தான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி அழுத்திக்கொண்டு இருந்தேன். "இப்ப ஜாவை நல்லா நெருக்கி மூடி ஜீரோ பண்ணிட்டு, கட்டையை மெதுவா தொட்டு அளங்க" என்றார். 30.03. அன்றைக்கு நடந்தது அதுதான். ஜீரோவை நெருக்கி எடுத்துவிட்டு ஷாஃப்ட்டை மென்மையாகத் தொட்டு அளந்திருக்கிறேன். அதற்கு மேல் ஷாஃப்ட் அப்போதுதான் கட் முடிந்து கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருந்தது. எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். 30 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 45 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் விட்டத்தில் மட்டும் 15 மைக்ரானுக்கு மேல். இரண்டும் சேர்ந்து நான்கு பாயிண்ட், அதாவது 0.04, என்னை ஏமாற்றிவிட்டது.

அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடம். அந்த பேரிங் சீட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஃபிட், அதாவது இறுக்கத்துக்கான அளவு வரம்பு, கே6 என்று வைத்துக்கொண்டால், 30 மில்லிமீட்டருக்கு அது 30.002ல் இருந்து 30.015 வரைக்கும்தான். மொத்த இடைவெளியே 13 மைக்ரான். டிஜிட்டல் வெர்னியரில் நல்ல கம்பெனிப் பொருளாகவே இருந்தாலும், ஜப்பானின் மிட்டுடோயோ கம்பெனியின் 150 மில்லிமீட்டர் வெர்னியராகவே இருந்தாலும், கம்பெனிக்காரன் ஒத்துக்கொள்கிற பிழை இந்தப் பக்கம் 20 மைக்ரான், அந்தப் பக்கம் 20 மைக்ரான். அதாவது பத்தாயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த சீட்டை வெர்னியரால் கடைந்திருக்கக் கூடாது. விலை குறைந்த சாமான் என்பது அங்கே பிரச்சினை இல்லை, வெர்னியரால் ஆகாத வேலையை வெர்னியரிடம் கேட்டதுதான் பிரச்சினை.

ஏன் ஆகாது என்றால், வெர்னியரில் அளக்கிற இடம் ஒன்று, ஸ்கேல் இருக்கிற இடம் வேறொன்று. ஜாவின் நுனியில் பிடித்து அழுத்தினால் நகரும் ஜா கொஞ்சம் சாயும், ஸ்கேலுக்கு அது தெரியாது. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் அபே 1890லேயே இதைச் சொல்லிவிட்டார். அளவுகோலும் அளக்கும் பொருளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஸ்க்ரூவைத் திருப்பி அளக்கிற மைக்ரோமீட்டரில் அப்படித்தான் இருக்கிறது, வெர்னியரில் இல்லை.

சரி, சோதனைக்கு வருகிறேன். அந்த வாரமே 47 கட்டை உள்ள ஸ்லிப் கேஜ் செட் ஒன்று, கிரேடு 2, 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதுவும் விலை குறைந்த சைனா செட்தான். ஆனால் கிரேடு 2 கட்டையில் 25 மில்லிமீட்டர் வரைக்கும் ஒரு மைக்ரான்கூடப் பிசகக் கூடாது என்பது விதி. பெரியவரின் செட்டோடு மைக்ரோமீட்டரில் வைத்து ஒப்பிட்டதில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பட்டறைக்கு அது தாராளம்.

பிளாஸ்டிக் வெர்னியர், 350 ரூபாய். மேலே கார்பன் ஃபைபர் என்று போட்டிருக்கும், கையில் எடுத்தால் பிளாஸ்டிக். டிஸ்ப்ளேயில் 0.1 வரைக்கும்தான் காட்டும். 50 கட்டையில் 50.1, சில நேரம் 49.9. ஜாவை அழுத்தினால் வளைவது கண்ணுக்கே தெரிகிறது. போல்ட் எம்10ஆ எம்12ஆ, தகடு எத்தனை மில்லி, பைப் என்ன சைஸ் என்று பார்க்க நன்றாகவே உதவும். தச்சு வேலைக்கு, நூல் கணக்கில் பேசுகிறவர்களுக்கு (ஒரு நூல் என்பது எட்டில் ஒரு இன்ச், 3 மில்லிக்குக் கொஞ்சம் மேல்) இது போதும். லேத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

ஸ்டீல் டிஜிட்டல், 1,150 ரூபாய். என்னை ஏமாற்றிய அதே வெர்னியர்தான். அதை நான் தூக்கிப் போடவில்லை. முறையாக ஜீரோ எடுத்து, ஜாவின் அடிப்பக்கத்தில் பிடித்து, ஒரே அழுத்தத்தில் அளந்தால் 10 கட்டையில் 10.00, 25ல் 25.00, 50ல் 50.01, 100ல் 100.02. இந்த விலைக்கு இது நல்ல அளவு என்று தயங்காமல் சொல்வேன். வாங்கியவுடன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மேல் விளிம்பில் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை முழுதாக முடுக்கி, பிறகு ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் திரும்ப விட வேண்டும். ஸ்லைடு ஆடாமல், ஆனால் கட்டை விரலால் தள்ளினால் ஒரே சீராகப் போக வேண்டும். என்னுடையது வந்தபோது லொடலொடவென்று இருந்தது, இதைச் செய்த பிறகு பத்து அளவும் ஒரு பாயிண்டுக்குள் வந்து நின்றன. அப்புறம் ஜாவை மூடி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் கோடு போல வெளிச்சம் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதைச் சரி செய்ய முடியாது. நான் வாங்கிய இரண்டாவது வெர்னியரை அப்படித்தான் திருப்பி அனுப்பினேன்.

உள் விட்டம் அளக்கிற மேல் ஜாவை மட்டும் நம்பாதீர்கள். விலை கூடியதிலும் சின்ன ஓட்டையில் அது உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் ஜாவின் விளிம்பு கத்திபோல இல்லாமல் கொஞ்சம் தட்டையாக இருக்கும், ஓட்டையின் வளைவில் முழுதாகப் போய்த் தொடாது. இந்த வெர்னியரில் 8 மில்லி ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போட்ட ஓட்டை 7.93 என்று காட்டியது. ஆழம் பார்க்கிற கம்பியும் அப்படித்தான், கொஞ்சம் சாய்ந்தால் போதும், அளவு போய்விடும்.

இனி சொல்வது நம் மலைக்காரர்களுக்கு. டிஜிட்டல் வெர்னியரின் ஸ்கேல் கெபாசிட்டிவ் (மின்தேக்கி) முறையில் வேலை செய்கிறது. ஸ்டிக்கருக்கு அடியில் செப்புக் கோடுகள் இருக்கின்றன, ஈரம் படிந்தால் அதன் கணக்கு கலங்கிவிடும். போன ஐப்பசியில் ஒரு வாரம் குன்னூரில் வெயிலே இல்லை, பட்டறைக்குள்ளேயே மூடுபனி வந்துவிட்டது. காலையில் வெர்னியரை எடுத்து ஜாவைத் திறந்தால் 12.34 காட்டிக்கொண்டு இருந்தது திடீரென்று 87க்குத் தாவியது, பிறகு திரும்ப வந்தது, நான் கையே அசைக்கவில்லை. கீழே கோயம்புத்தூரில் இருக்கிற நண்பனிடம் சொன்னால் பேட்டரியை மாற்று என்கிறான். பேட்டரி புதுசு. துணியால் துடைத்து, ஸ்பிரிட் போட்டு இன்னொரு தடவை துடைத்து, மேஜை லைட்டின் சூட்டில் அரை மணி நேரம் வைத்த பிறகு சரியானது. இப்போது ஒரு சின்ன மர அலமாரியில் ஜீரோ வாட் பல்பு ஒன்றை இரவு பகலாக எரியவிட்டு, எல்லா அளவுக் கருவியையும் அதில்தான் வைக்கிறேன். ஊரில் கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் செய்கிற அதே வழி. துருவும் வருவதில்லை.

அந்த ஒரு வாரத்தில் எனக்குக் கைகொடுத்தது சாதாரண வெர்னியர். பேட்டரி இல்லாத, கோடு பார்த்துப் படிக்கிற, 0.02 லீஸ்ட் கவுன்ட் (படிக்க முடிகிற மிகச் சின்ன அளவு) உள்ளது, 900 ரூபாய். படிக்கக் கொஞ்சம் பழக வேண்டும், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு கண்ணாடி வேண்டும், ஆனால் பனியோ கூலன்ட்டோ அதை ஒன்றும் செய்யாது. நீலகிரியில் பட்டறை வைப்பவர் ஒரே ஒரு வெர்னியர்தான் வாங்க முடியும் என்றால், டிஜிட்டலை விட்டுவிட்டு இதை வாங்கச் சொல்வேன்.

பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை குறைந்த டிஜிட்டலை ஆஃப் பண்ணினால் டிஸ்ப்ளே மட்டும்தான் அணைகிறது, உள்ளே சிப் ஜாவின் இடத்தைக் கணக்கு வைத்துக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் சும்மா கிடந்தாலே சில மாதத்தில் பேட்டரி தீரும். எல்.ஆர்.44க்குப் பதிலாக எஸ்.ஆர்.44 போடுங்கள், சில்வர் ஆக்ஸைடு, கொஞ்சம் விலை கூட, ஆனால் வோல்ட் கடைசி வரைக்கும் ஒரே மாதிரி நிற்கும். நண்பரின் மிட்டுடோயோவை ஒரு மாதம் கடன் வாங்கி வைத்திருந்தேன். அதை ஒவ்வொரு தடவையும் ஜீரோ பண்ண வேண்டியதில்லை, எப்போது திறந்தாலும் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரிகிறது, ஸ்லைடு வெண்ணெய் மாதிரி போகிறது. கட்டையில் வைத்த அளவில் என் 1,150 ரூபாய் வெர்னியருக்கும் அதற்கும் இருந்த வித்தியாசம் ஒரு பாயிண்ட், சில இடத்தில் இரண்டு. நாள் முழுக்க அளக்கிற புரொடக்‌ஷன் வேலை என்றால் அந்தப் பணம் வீண் இல்லை, என்னைப் போல ரிப்பேர் வேலைக்கு அவசியமும் இல்லை. ஒரு எச்சரிக்கை, அதே பெயரை மேலே அச்சடித்து 2,000 ரூபாய்க்கு வருகிறது பாருங்கள், அது போலி. அதை வாங்குவதைவிடப் பெயரே இல்லாத 1,150 ரூபாய் சாமான் மேல்.

என்னை உண்மையிலேயே ஆச்சரியப்படுத்தியது விலை குறைந்த மைக்ரோமீட்டர்தான். 0–25 ஒன்று 1,300 ரூபாய், 25–50 ஒன்று 1,700. பெட்டியைத் திறந்தபோது நம்பிக்கை வரவில்லை, திம்பிளை (கையால் சுற்றுகிற உருளையை) திருப்பினால் உள்ளே மணல் இருப்பதுபோல நறநறவென்றது. ஸ்பிண்டிலை (முன்னும் பின்னும் நகரும் தண்டை) முழுதாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் திரும்பப் போட்டேன், கூடவே வருகிற சின்ன ஸ்பேனரால் ஜீரோவைச் சரி செய்தேன். பிறகு கட்டைகளை வைத்தால் 0–25ல் எங்கேயும் 4 மைக்ரானைத் தாண்டவில்லை. உள்ளே இருப்பது அரை மில்லி பிட்ச் உள்ள ஒரு ஸ்க்ரூ, திம்பிளில் ஐம்பது கோடு, அவ்வளவுதான். அந்த ஸ்க்ரூவைச் சரியாக கிரைண்டிங் பண்ணத் தெரிந்தால் மீதி தானாக வந்துவிடும், இன்றைக்கு அதைக் குறைந்த விலையில் செய்ய முடிகிறது.

சோதிக்கும்போது ஒன்று கவனியுங்கள். 5, 10, 15, 20 என்று முழு எண்ணில் மட்டும் கட்டை வைத்துப் பார்த்தால் திம்பிள் எப்போதும் ஒரே இடத்தில், ஜீரோ கோட்டிலேயே வந்து நிற்கும். ஸ்க்ரூ ஒரு சுற்றுக்குள் கோணலாக இருந்தால் அது அகப்படவே அகப்படாது. அதனால்தான் 5.1, 7.7, 10.3, 12.9 என்று வினோதமான அளவுகளில் பார்ப்பது. ஒவ்வொன்றிலும் திம்பிள் வேறு வேறு கோணத்தில் நிற்கும். பெரியவர் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தோன்றியிருக்காது.

ஸ்லிப் கேஜுக்குக் காசு இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நல்ல கம்பெனியின் புது பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 6206ன் வெளி விட்டம் 62க்கு மேல் போகாது, 62ஐவிட 13 மைக்ரானுக்கு மேல் குறையவும் செய்யாது, 6205ன் 52க்கும் அதே கணக்கு. வெர்னியரைச் சோதிக்க இது போதும். மைக்ரோமீட்டரைச் சோதிக்கப் போதாது.

குன்னூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. உலகம் முழுக்க நீள அளவுக்கு அடிப்படை வெப்பம் 20 டிகிரி என்று 1931ல் முடிவு செய்தார்கள். சமவெளியில் அதற்காக ஏ.சி. அறை கட்டுகிறார்கள், நம் ஊரில் வருடத்தில் பல நாள் மதியம் பட்டறையைத் திறந்து வைத்தாலே அதன் பக்கத்தில் இருக்கிறோம். மார்கழிக் காலையில் பத்து டிகிரி இருந்தாலும் கருவியும் எஃகு, வேலையும் எஃகு, இரண்டும் ஒன்றாகச் சுருங்கும், பிரச்சினை வராது. ஒன்று சூடாகவும் இன்னொன்று குளிர்ந்தும் இருக்கும்போதுதான் தப்பு வரும். இப்போது பேரிங் சீட்டின் கடைசி கட்டுக்கு முன்னால் ஷாஃப்ட்டை ஆறவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன். அலுமினியம் என்றால் இன்னும் பொறுமை வேண்டும், எஃகைப் போல இரண்டு மடங்கு நீளும்.

நுனி தள்ளப்பட்டால் முள் நகர்ந்து காட்டுகிற டயல் கேஜ் விஷயத்தில் மனம் அவ்வளவு நிறைவில்லை. 900 ரூபாய் பிளஞ்சர் (உள்ளே போய் வரும் கம்பி) டயல் ஏறும்போது ஒரு அளவு, இறங்கும்போது ஒரு அளவு காட்டியது, இரண்டு பாயிண்ட் வித்தியாசம். குளிர்ந்த காலையில் பிளஞ்சர் மெதுவாகத் திரும்பியது. எண்ணெய் விட்டால் சரியாகும் என்று நினைத்து எண்ணெய் ஊற்றாதீர்கள், தூசி சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். சக்கில் வேலையைச் சென்டர் பண்ண இது போதும், அங்கே முள் ஆடுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. பப்பி டயலும் (நெம்புகோல் நுனி உள்ள சின்ன டயல்) அதற்குத்தான். ஆனால் 1,100 ரூபாய் மேக்னட் ஸ்டாண்டின் கை தொங்குகிறது, முள் ஆடினால் ஷாஃப்ட் கோணலா ஸ்டாண்ட் ஆடுகிறதா என்று கண்டுபிடிக்கவே நேரம் போகிறது. டயலில் மிச்சம் பிடித்து ஸ்டாண்டில் செலவு பண்ணுங்கள். உள் விட்டம் அளக்கிற போர் கேஜும் வாங்கினேன், 35–60 மற்றும் 50–160. அதைத் தனியாக நம்பக் கூடாது. மைக்ரோமீட்டரில் அளவை செட் பண்ணி, அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் 62 ஹவுசிங்கை (பேரிங்கின் வெளிப்பக்கம் உட்காரும் குழியை) எச்7 என்கிற அளவு வரம்புக்குள், அதாவது 30 மைக்ரானுக்குள் கொண்டுவர முடிகிறது. 62க்கு 50–75 மைக்ரோமீட்டரும் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

போன மாதம் கோத்தகிரியில் இருந்து ஒரு தம்பி வந்தான், டிப்ளமா முடித்துவிட்டுப் பழைய லேத் ஒன்று வாங்கியிருக்கிறான். பதின்மூன்றாயிரம் கையில் இருக்கிறது, ஒரு நல்ல டிஜிட்டல் வெர்னியர் வாங்கிவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். 900 ரூபாய் சாதாரண வெர்னியர், இரண்டு மைக்ரோமீட்டர் 3,000, ஸ்லிப் கேஜ் 6,500, டயல் 900, மொத்தம் 11,300. மீதி 1,700ஐ ஸ்டாண்டுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஃபேக்டரிக்காரர்கள் சர்ட்டிபிகேட் கேட்கிற வேலை வந்தால் மட்டும் மைக்ரோமீட்டரை கோயம்புத்தூரில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேபில் கொடுத்துக் காலிபரேஷன் பண்ணிக்கொள்ளட்டும். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வாங்கிவிட்டான், ஸ்லிப் கேஜ் அடுத்த மாதம்தான் முடியும் என்கிறான். அதுவரைக்கும் என் பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். ஒரே நிபந்தனை, தொட்ட கட்டையை அன்றைக்கே துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும், இந்தப் பனியில் விரல் ரேகை பட்ட இடம் மறுநாள் காலைக்குள் துருப்பிடித்துவிடும்.